முப்பத்தொன்றாம் நம்பர் கத்தரி

"செவ்வாய், காலை 10.20. எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மேற்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள்."

என் டயரியில் இப்படி இரண்டு வரிகள் இருக்கின்றன. பேனா வழக்கத்தைவிட அழுத்தமாக விழுந்திருக்கிறது. எழுதிய இடம் நான் வேலை செய்யும் தொழிற்சாலை. பதுளையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். காலம், தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்த நேரம். நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. சரியான தேதியும் டயரியில் உண்டு. ஆனால் தேதியைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும், இடம் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். அதனால் கிழமைகளை மட்டும் தருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் விமான இருக்கைகளுக்கு உறை தைக்கிறோம். ரயில் பாதையே முடிந்துபோகிற ஊர் பதுளை, அங்கே விமான வேலையா என்று சிரிப்பவர்கள் உண்டு. உண்மைதான். எங்களில் பாதிப் பேர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் யாரோ சாய்ந்து தூங்கும் இருக்கையின் தையல், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கையால் ஓடியதாக இருக்கும். என் வேலை பதிவேடு. எந்த உறையை, எந்த நாள், யார், எந்தத் துணிச் சுருளிலிருந்து தைத்தார் என்று எழுதி வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு தையல் பிரிந்தாலும் தைத்த கை யாருடையது என்று காகிதம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் விடாமல் டயரி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றபோது எங்கள் வேலையும் நின்றது. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். பிறகு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டது எல்லாரையும் அல்ல. அதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் உள்ளே ஒரு பயம் தங்கிவிட்டது. நான் தினமும் இரண்டு பேப்பர் படிப்பவன்; விமானம் என்ற சொல் வந்தால் அந்தச் செய்தியை வெட்டி டயரியில் ஒட்டிவைப்பேன். மதியம் சோத்துப் பார்சலைப் பிரிக்கும்போதே கேள்வி வந்துவிடும்.

"அண்ணே, இன்னைக்குப் பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

கேட்டவர் துணி வெட்டும் பகுதியில் வேலை செய்யும் பசறைக்காரர். எதையும் கேலியாகத்தான் பேசுவார்.

"பெரிய ப்ளேன் கம்பெனி ஒண்ணு ஆளக் குறைக்குதாம். இன்னொண்ணு, செய்யிற ப்ளேனையே கொஞ்சம் மெதுவாச் செய்யப் போகுதாம்."

"நல்லதாப் போச்சு. நான் காலையிலயிருந்தே மெதுவாத்தான் வெட்டிக்கிட்டிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "போன தடவையும் இப்பிடித்தாண்ணே சிரிச்சோம்" என்றாள்.

அவள் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம். இருபத்தெட்டு வயது. எங்களிடம் ஆறு வருடமாகத் தைக்கிறாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கணவர் மேசன் வேலை செய்தவர்; சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து பாரம் தூக்க முடியாது. ஒரே மகள், முதலாம் வகுப்பு. மாமியார் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. போன தடவை வேலை போனபோது அவளும் ஐந்து மாதம் வீட்டில் இருந்தவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கொழும்பிலிருந்து இரண்டு பேர் ஃபைலோடு வந்தார்கள். எங்கள் லைன் சூப்பர்வைசர் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவோம். பதுளை டவுனைச் சேர்ந்தவர், ஐம்பது வயதுக்கு மேல். இதே இடத்தில் மெஷின் பெண்ணாகச் சேர்ந்து மேலே வந்தவர். கத்தரி, சாமணம், மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர் என்று கையில் எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எண்ணினார்கள். நூல் வெட்டும் சின்னக் கத்தரிகளில் ஒவ்வொன்றாக நம்பர் கீறினார்கள். பிறகு சுவரில், பூட்டுப் போடும் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெரிய பலகையை மாட்டி, ஒவ்வொரு சாமானும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் வடிவத்தையே கறுப்பு மையால் வரைந்தார்கள்.

"பொலிஸ்காரன் பொணத்தைச் சுத்திக் கோடு போடுற மாதிரியே இருக்கு" என்றார் பசறைக்காரர். அன்றைக்கு அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். தோட்டத்தில் தொழிலாளிக்கு யாரும் முன்கூட்டி எதையும் சொல்வதில்லை. அடையாளம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டம் கை மாறப்போகிறது என்றால் முதலில் எண்ணுவார்கள். தராசு, கூடை, மண்வெட்டி, கடைசியில் ஆள். வாங்க வருகிறவன் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்குப் பிறகு காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், பெயர் வாசிப்பார்கள். சில பெயர்கள் வராது.

பத்தரை மணிக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது இதை நான்தான் எடுத்துச் சொன்னேன். மற்றவர்கள் மனதில் புகையாக இருந்ததற்கு நான் உருவம் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வீட்டுப் பெட்டியைக் கிளறி, நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய டயரிக் கொப்பி ஒன்றைத் தேடியெடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தோட்டம் கை மாறிய வருடத்துக் கொப்பி. அதில் ஒரு பக்கத்தில் "தராசுகளை எண்ணினார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்பு" என்று இருந்தது. பின்னால் ஒரு பக்கத்தில் "பெரட்டில் பெயர் வாசித்தார்கள். அப்பாவின் பெயர் இல்லை" என்று இருந்தது.

கொப்பி கை மாறிக் கை மாறிப் போனது. தெமோதரைத் தங்கச்சி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"எண்ணுனதுலயிருந்து பேரு வெட்டுறதுக்கு எத்தன நாளுண்ணே?"

"ஆறு வாரமும் ரெண்டு நாளும்" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். கணக்குச் சரியாக இருக்கிறதே என்ற ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. அதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை மாலை பஸ் நிறுத்தத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு கடுதாசி எழுதித் தரணும். உங்க எழுத்துதான் அழகா இருக்கும்."

"என்ன கடுதாசி?"

"வேலைய விடுறேன்னு."

பண்டாரவளையில் உள்ள ஒரு ஏஜென்சி மூலமாக வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு ஏற்பாடாகிவிட்டது. பாஸ்போர்ட் போன தடவை வேலை போனபோதே எடுத்து வைத்தது. மெடிக்கலும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை வேன் வந்து தெமோதரை ரோட்டில் ஏற்றிக்கொள்ளும்.

"அவசரப்படுறியோ?" என்றேன்.

"இல்லண்ணே. பேரு வெட்டுனதுக்குப் பொறகு போனா அந்த ஏஜென்சி வாசல்ல நிக்க எடமிருக்காது. போன தடவை நின்னு பாத்துட்டுத்தானே திரும்பி வந்தேன். இப்பப் போனாத்தான் உண்டு."

"பாப்பா?"

"மாமி பாத்துக்குவாங்க. ரெண்டு வருசந்தானே." இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துச் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கொப்பியை நான் அவ்வளவு நம்பினேன். நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல் இரண்டு தடவை வந்ததைத் திருத்தி, மறுபடி முழுவதையும் எழுதினேன். தேதியையும் நானே போட்டேன். கடைசி நாள் அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று இருந்தது.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு மெனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் புதிய ஃபைல் ஒன்று. அதற்கேற்றபடி பதிவேட்டுப் படிவங்களை மாற்ற வேண்டும் என்றார். திறந்து பார்த்தேன். இருக்கையின் கீழே உயிர்காப்பு அங்கியை வைக்கும் உறை. புதிய ஓர்டர். வேலை இரண்டு வருடத்துக்கு. ஓர்டர் தந்தவர்களின் நிபந்தனைகள் மூன்று பக்கத்துக்கு இருந்தன. அதில் முதலாவதே சாமான் எண்ணுவதுதான். அந்த உறைக்குள் தப்பித்தவறி ஒரு சின்னக் கத்தரி விழுந்து தைபட்டுப்போனால், ஆபத்து நேரத்தில் அங்கியைக் கிழித்துவிடும். அதனால் காலையும் மாலையும் எண்ண வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஆள் அசையக்கூடாது. வெள்ளையடித்தது, புதிதாகப் பன்னிரண்டு மெஷின் வைக்கப்போகிற இடத்துக்கு.

"ஒருத்தரையும் நிறுத்தலையா சேர்?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நிறுத்துறதா? ஆள் எடுக்கணும். நாளைக் காலைல எல்லாருக்கும் சொல்லப்போறேன். இன்னைக்குத்தான் கையெழுத்து வந்தது. அது வரைக்கும் வாயைத் திறக்க வேணாம்னு மிஸ்ஸுக்கும் சொல்லி வச்சிருந்தேன். நீங்களும் நாளை வரைக்கும் பேச வேணாம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். பிறகு நேரத்தைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. தங்கச்சிக்கு இன்றுதான் கடைசி நாள். பேச வேண்டாம் என்று சொன்னதை நான் மதிக்கப்போவதில்லை என்று படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தையல் பகுதிக்குள் நுழைந்தால் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. எல்லாரும் கைகளை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தியிருந்தார்கள். மாலை எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. பலகைக்கு முன்னால் மிஸ் நின்றிருந்தார். முப்பத்தொன்றாம் நம்பர் இடத்தில் கத்தரி இல்லை; கறுப்பு மையில் வரைந்த வடிவம் மட்டும் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

முப்பத்தொன்று தெமோதரைத் தங்கச்சியின் கத்தரி.

"நான் மூணு மணிக்கே கொண்டுவந்து தொங்கவிட்டேன் மிஸ். சத்தியமா."

"தொங்கவிட்டா இருக்கணும்ல?"

"நான் ஏன் மிஸ் அதை எடுக்கப்போறேன்? போற எடத்துல கத்தரி இல்லாமலா இருக்கும்?"

"நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா? இல்லைன்னுதான் சொன்னேன். தேடுவோம்."

தேடினோம். குப்பைச் சாக்கைத் தரையில் கொட்டினோம். மெஷின்களின் எண்ணெய்த் தட்டுகளைக் கழற்றினோம். அன்று தைத்து முடித்த உறைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளியே திருப்பினோம். காந்தத்தைப் பெட்டிகள்மேல் ஓட்டினோம். மிஸ், துணி வெட்டும் மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியதில், விரலில் சிராய் ஏறி இரத்தம் வந்தது. பசறைக்காரர் தன் சோத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இதுலயும் இல்ல மிஸ். எனக்கு வச்சிருந்த மீன் துண்டும் இல்ல. அதையும் சேத்துத் தேடுவோமா?"

"வாய மூடிக்கிட்டுத் தேடுங்க."

தேடுகிற சாக்கில் நான் தங்கச்சியின் பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். ஓர்டர் வந்திருக்கிறது, ஒருவரையும் நிறுத்தவில்லை, நாளைக்கு அறிவிக்கப்போகிறார்கள், போகாதே என்று. அவள் மெஷினுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கும் நீங்கதாண்ணே சொன்னீங்க. ஆறு வாரமும் ரெண்டு நாளும்னு. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. நான் எதை நம்புறது?"

இருபது வருடத்துக்கு மேல் நான் எழுதிவைத்த எந்தத் தேதியும் அந்த நேரத்தில் உதவவில்லை. நான் சொன்ன பொய்யான செய்தியை அவள் நம்பினாள், உண்மையான செய்தியை நம்பவில்லை. குற்றம் அவளுடையது அல்ல.

ஐந்து நாற்பத்தைந்துக்குப் பஸ்கள் வந்து வாசலில் நின்றன. பைகளைச் சோதித்து மற்றவர்களை அனுப்பினார்கள். அவள் மட்டும் வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றாள். அதில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது, மிஸ்ஸினுடையதைத் தவிர.

"சாமானெல்லாம் ஒப்படைச்சாச்சுன்னு நான் எப்பிடிப் போடுறது? நாளைக்குக் காலைல வா."

"நாளைக்குக் காலைல வேன் வருது மிஸ்."

"வேன் வரட்டும். கத்தரி வரணும்ல?"

"கையெழுத்து இல்லாட்டிப் பரவாயில்லன்னு போயிட்டா?"

"போலாம். நான் பிடிச்சா வச்சிருக்கேன்? ஆனா பதிவேட்டுல முப்பத்தொண்ணு காணோம்னு உன் பேருக்கு எதிரத்தான் இருக்கும். அது உன் விருப்பம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு மிஸ் சொன்னார்: "ஒரு நாள் பிந்திப் போனா ப்ளேன் என்ன, காத்துல கரைஞ்சா போயிரும்?"

அவள் போகத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "களவுப் பேரோட போகமாட்டேன். நான் வீடு போய்ச் சேர முன்ன அந்தப் பேரு லயத்துக்குப் போயிரும். எம்புள்ள அந்தப் பேரோட பள்ளிக்கூடம் போகணுமா?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

அன்றைய டயரியில் ஒரே வரி: "31 கிடைக்கவில்லை."

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கே நான் வாசலில் நின்றேன். தெமோதரைப் பக்கத்துப் பஸ் ஏழு இருபத்தைந்துக்கு வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவளைக் காணவில்லை. வேன் ஏறிவிட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். கடைசியாக, கண்டக்டரிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே இறங்கினாள். ஒரு பெரிய பிரயாணப் பையைப் படியில் இடித்து இழுத்துக்கொண்டு.

"பை எதுக்கு?" என்றேன்.

"வேன இங்கயே வரச்சொல்லிட்டேன். எட்டரை மணிக்கு. கையெழுத்த வாங்கிக்கிட்டு ஏறிருவேன்."

ஏழு ஐம்பதுக்குக் காலை எண்ணிக்கை. மிஸ் பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். நான் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றேன். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. மிஸ்ஸின் குரல் நிற்கவில்லை. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. நான்தான் நின்றுவிட்டேன்.

முப்பத்தொன்றாம் நம்பர் கத்தரி அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று நாற்பது பேர் பார்த்த வெற்றிடத்தில்.

"மிஸ்!" என்று யாரோ கத்தினார்கள். மிஸ் திரும்பிப் பார்த்து, கத்தரியை எடுத்து நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா, இருக்கே" என்றார். அவ்வளவுதான்.

"விமானக் கத்தரிதானே, பறந்து போயிட்டுப் பறந்து வந்திருக்கு" என்றார் பசறைக்காரர். தங்கச்சி அதற்குள் படிவத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அதை நீட்டுவதற்குள் மெனேஜர் வந்துவிட்டார். எல்லாரையும் நிற்கச் சொல்லிச் சிங்களத்தில் பேசினார், மிஸ் தமிழில் சொன்னார். புதிய ஓர்டர், இரண்டு வருட வேலை, பன்னிரண்டு மெஷின், எண்ணியது எதற்கு, வெள்ளையடித்தது எதற்கு. கடைசியாக, ஒருவரையும் நிறுத்தப்போவதில்லை. மிஸ் அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். மெனேஜர் அதை ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.

முதலில் யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு பின்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரமாகப் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சரியாகப் பேசாதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தங்கச்சியின் போன் அடித்தது. வேன்காரர். வாசலுக்கு வந்துவிட்டாராம். அவள் போனைக் காதில் வைத்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு வேன்காரரிடம் சொன்னாள்:

"அண்ணே, நான் வரல... இல்லண்ணே, சுகமாத்தான் இருக்கேன்... இல்ல, வீட்டுலயும் பிரச்சினை இல்ல. கத்தரி கெடச்சிருச்சுண்ணே... கத்தரி. முப்பத்தொண்ணு... அது உங்களுக்கு வெளங்காது, நீங்க போங்க."

அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றும் நினைத்துச் சிரிப்பேன். போனை வைத்துவிட்டு அவள் அந்தப் பிரயாணப் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு வாசல் படலையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

மிஸ் ராஜினாமாக் கடிதத்தை ஆபீசிலிருந்து எடுத்து வந்தார். தங்கச்சி அதை வாங்கிக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காத. இங்க எதையும் கிழிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. தெரியும்ல? குறுக்க ஒரு கோடு போடு. பேரு எழுது. தேதிய அண்ணன் போடுவாரு, அவருதானே இதுக்கும் போட்டாரு."

எங்கள் பதிவேடுகளில் தப்பைத் திருத்தும் முறை அதுதான். முதலில் எழுதியது தெரியும்படி ஒரே கோடு. நான் தேதி போட்டேன். என் அழகான கையெழுத்துக்குக் குறுக்கே அவள் இழுத்த கோடு கோணலாகப் போயிருந்தது. நான் பார்த்ததிலேயே நல்ல கோடு அதுதான்.

அன்று மாலை என் டயரியிலும் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். அந்த இரண்டு வரிகளில் தப்பில்லை. எண்ணினார்கள், வெள்ளையடித்தார்கள். அதற்குக் கீழே மறுநாள் நான் எழுதிவைத்திருந்த "தோட்டத்தில் நடந்தது இங்கேயும் நடக்கும்" என்ற வரிக்குத்தான் கோடு போட்டேன். எண்ணுகிறார்கள் என்றால் குறைக்கப்போகிறார்கள் என்று மட்டும்தான் நான் படித்திருந்தேன். ஒன்றும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவும் எண்ணுவார்கள் என்பது என் கொப்பியில் எங்கேயும் இல்லை.

கத்தரி விஷயத்துக்கு வருகிறேன். பதிவேட்டில் "காணாமல் போன காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுத என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "அதை வெறுமையா விடுங்க" என்றார். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதவன் அன்று விட்டேன்.

எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். மாலை எண்ணிக்கைக்குப் பிறகு பூட்டும் பலகைக் கதவுக்குச் சாவி இரண்டு. ஒன்று மிஸ்ஸிடம், மற்றது மெக்கானிக்கிடம். மெக்கானிக் அந்த இரண்டு நாளும் லீவில் இருந்தார். ஓர்டர் வரப்போகிறது என்று மிஸ்ஸுக்கு முன்பே தெரியும், சொல்லக்கூடாது என்பதும் உத்தரவு. தங்கச்சிக்கு ஒரே ஒரு நாள் பிந்தினால் போதும் என்பதும் தெரியும். இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கம், வியாழக்கிழமை சிராய் ஏறி இரத்தம் வந்த விரலையும் நான் பார்த்தேன். தான் ஒளித்து வைத்த பொருளை யாராவது அப்படித் தேடுவார்களா? அதுவும் மிஸ் ஒரு நூல்கூடப் பதிவில்லாமல் வெளியே விடாதவர்.

ஒரு வருடம் கழித்து, தீபாவளிப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். மிஸ் பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு திருப்பிக் கேட்டார்.

"உங்க டயரியில என்ன எழுதியிருக்கு?"

"தெரியாதுன்னு எழுதியிருக்கேன் மிஸ்."

"அப்ப சரியாத்தானே எழுதியிருக்கீங்க" என்றார். தட்டில் பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

தங்கச்சியின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. காலையில் பஸ் ஏறும் இடம் வரைக்கும் தாயோடு நடந்து வந்து, அங்கிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். விமானச் செய்தி வந்தால் நான் இப்போதும் வெட்டி ஒட்டுகிறேன், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவதில்லை. முப்பத்தொன்றாம் நம்பர் கத்தரி அந்த வியாழக்கிழமை மாலை மூன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பது வரை எங்கே இருந்தது என்பது இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை. அந்தக் கட்டம் பதிவேட்டில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது, நான் எழுதி நிரப்பிய அத்தனை பக்கங்களைவிட அந்த வெறுமையைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனது நிறைகிறது.